லீவருக்கு ஞானத்தாய்

யோபானா கலிசாயா கேட்டது ஓர் இரும்புச் சாமான். கிடைத்தது ஒரு சொந்தம். எரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டது.

சாமான் ஒன்றும் பெரிதில்லை, உள்ளங்கையில் அடங்கும். பாஸ் கிதாரின் தலையில், எல்லாவற்றிலும் தடித்த கம்பியை முறுக்கும் கீயைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைப் பொருத்த வேண்டும். பின்பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு லீவர் நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தட்டினால் கம்பி ஒரே நொடியில் தளர்ந்து ஈ சுருதியிலிருந்து டிக்கு இறங்கும். திரும்பத் தட்டினால் பழையபடி ஈ. எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை ஒரு பொடித் திருகாணி பார்த்துக்கொள்ளும். கையால் கீயைத் திருகி, காதை வைத்துக் கேட்டு, போதாது என்று மறுபடி திருகும் வேலை எதுவும் இல்லை. படத்தில் பார்த்தபோது அவ்வளவு சுலபமாக இருந்தது.

அது அவளுக்குத் தேவைப்பட்டதற்குக் காரணம் எட்சனின் தொண்டை. உருளைச்செடியை ஒரே ராத்திரியில் கருக்கிவிடும் குளிரின் பெயரைத்தான் யோபானா தங்கள் மெட்டல் குழுவுக்கு வைத்திருந்தாள்: கரும்பனி. அதில் எட்சன் கிதார் வாசித்துக்கொண்டே பாடுவான். அவன் ராகமாகப் பாடுகிற பாட்டுகள் எல்லாம் ஈயில். அதற்குக் கீழே போனால் அவன் குரல் காற்றுப்போன டயர் மாதிரி தட்டும். மற்ற பாட்டுகள் டியில். அவற்றில் அவன் பாடுவதே இல்லை, உறுமுவான். உறுமலுக்கு எந்தச் சுருதியானால் என்ன? எட்சனிடம் இரண்டு கிதார்கள் இருந்தன, ஒன்று ஈக்கு, ஒன்று டிக்கு. யோபானாவிடம் இருந்தது ஒரே பாஸ்.

கார்னிவலுக்கு முந்தைய கச்சேரியில்தான் மானம் போனது. இரண்டு பாட்டுக்கு நடுவில் அவள் குனிந்து கீயைத் திருகிக்கொண்டிருந்தாள். பொலிவியாவின் மலைமேட்டு ஊரான எல் ஆல்டோவின் குளிரில் கம்பி விறைத்துக்கொண்டு சொன்ன இடத்தில் நிற்க மறுத்தது. முன்வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான்:

"அக்கா, கடிகாரத்துக்குச் சாவி குடுக்கறீங்களா? மணி என்ன ஆச்சு?"

கூட்டம் சிரித்தது. விசில் பறந்தது. ட்ரம்ஸ் வாசிக்கும் வில்மெர் பாவம் பார்த்து எதையோ தட்டி நிரப்பினான். அதுவும் ஓய்ந்து, அவள் இன்னமும் திருகிக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த ஒத்திகையில் எட்சன் நேராக முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "லிம்பெர்ட் சும்மாதான் இருக்கான், யோபி. என் மாமா பையன். அவன்கிட்ட அஞ்சு கம்பி பாஸ். கீழ ஒரு கம்பி எக்ஸ்ட்ரா. திருகுற வேலையே இல்ல."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. ஜூன்ல பேட்டைத் திருவிழா மேடை கிடைச்சிருக்கு. மறுபடியும் கடிகாரக் கடை வெச்சோம்னா அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்க. ஜூனுக்கு அப்புறமும் இப்படியே இருந்தா லிம்பெர்ட்டைத்தான் போடணும். அவ்வளவுதான் சொல்றேன்."

"குழு என்னோடது, எட்சன்."

"பேரு உன்னோடது. பேர வெச்சு டி வாசிக்க முடியாது."

அஞ்சு கம்பி பாஸை அவளும் ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்திருந்தாள். கழுத்து அகலம், அவள் கை சின்னது. கடைசிக் கம்பிக்கு விரல் எட்டுவதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

அவள் பிழைப்பு கேபிள் காரில். மலைமேட்டிலிருந்து கீழே லா பாஸுக்கு இறங்கும் நிலையத்தில், சீருடை போட்டுக்கொண்டு, "கையை உள்ள வைங்க, கதவு மூடுது" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மூட்டை தூக்கிய கிழவிகள் முறைப்பார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கதவோரம் பந்து உருட்டுவார்கள். ஷிப்ட் முடிந்ததும் அம்மாவின் வண்டியில் ஒரு குவளை சூடான ஆப்பிச் சோளக்கஞ்சியும் ஒரு பொரித்த பஸ்தேலும் வாங்கி, நின்றுகொண்டே தின்றுவிட்டு ஒத்திகைக்கு ஓடுவாள். அப்பா திருவிழா ஊர்வல பாண்டுகளில் பெருங்குழலான டூபா ஊதியவர். வீட்டுக்கு ஒரே அறை. குழந்தையாக இருந்தபோது அவர் பயிற்சி செய்கையில் சுவரோடு சாய்ந்துதான் அவள் தூங்குவாள். மெட்டு காதுக்கு வரும்முன் அதிர்வு விலா எலும்புக்கு வந்துவிடும். வளர்ந்த பிறகு, கலைந்துபோன ஒரு கும்பியா நடனப்பாட்டுக் குழுவிடமிருந்து பழைய பாஸ் ஒன்றை வாங்கினாள். அதன் வயிற்றில் ஒட்டியிருந்த கடற்கன்னிப் படத்தை எவ்வளவு சுரண்டியும் வால் மட்டும் இன்னும் போகவில்லை. அந்த வாலோடுதான் வில்மெரைத் தேடிப் போய்க் குழு ஆரம்பித்தாள். எட்சன் வந்து சேர்ந்தது அதற்கும் பிறகு.

லீவர் அந்த ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. ஒத்திகை நடந்த செங்கல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பீர் கிடங்கு வைத்திருந்தாள் கட்டடச் சொந்தக்காரி பெட்ரோனா; மரியாதைக்கு எல்லோரும் டோன்யா என்பார்கள். மூன்றாம் மாடிக்கு வாடகைகூடக் கறாராகக் கேட்காதவள். "பசங்களா, சத்தம் போடுங்க, அப்பத்தான் எலி வராது" என்பாள். அவள் தம்பியின் லாரி சிலியின் இக்கிகே துறைமுகத்துக்கும் எல் ஆல்டோவுக்கும் போய்வந்துகொண்டிருந்தது. யோபானா படத்தைக் காட்டினாள். வாங்கி வரச் சொல்லுங்கள், காசு கொடுத்துவிடுகிறேன் என்றாள்.

"காசா? என்ன பேச்சு பேசற!" டோன்யா பெட்ரோனா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "கல்யாணக் கேக்குக்குச் செலவு பண்ண ஞானத்தாய் இருக்கா. பள்ளிக்கூடத் தரைக்கு ஓடு போட ஞானத்தகப்பன் இருக்கான். உன் லீவருக்கு மட்டும் யாருமில்லாம அனாதையா வரணுமா? நான் இருக்கேன்."

மறுக்க முடியுமா? அந்த ஊரில் அப்படி மறுப்பவள் அடுத்த நாள் யார் வீட்டுப் படியையும் மிதிக்க முடியாது. அப்படித்தான் ஒரு கீயை முன்னிட்டு இருவரும் உறவாகிப்போனார்கள்.

லீவர் மே மாதத்தில் வந்தது. யோபானா அன்றே பொருத்தினாள். தட்டினாள். இறங்கியது. திரும்பத் தட்டினாள். ஏறியது. எட்சன் போனில் சுருதி பார்த்தான். ஈ என்றால் ஈ, டி என்றால் டி. வில்மெர் குச்சியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான். அன்றைக்கு ஒரு மணி நேரம் அவள் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தாள்.

பிறகு டோன்யா பெட்ரோனா படியேறி வந்தாள், மேல்மூச்சு வாங்க, இரண்டு பீர் பாட்டில்களோடும் வண்ணக் காகிதத் தூளோடும். புது மினிபஸ் என்றாலும் புதுத் தையல் மெஷின் என்றாலும் பூமித்தாய் பாச்சமாமாவுக்கு முதல் வாய் கொடுக்காமல் யாரும் தொட மாட்டார்கள். யோபானாவின் போன்கூட வாங்கிய அன்றே ஒரு சொட்டு பீரில் நனைந்ததுதான். அதனால் தடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பாஸைத் தரையில் கிடத்தினாள். அவளே முதலில் அறையின் நான்கு மூலையிலும் பீர் தெளித்தாள். அடுத்து ஞானத்தாயின் முறை.

"நல்லா இறங்கணும், நல்லா ஏறணும். என் பிள்ளைங்க பேர் கெடக்கூடாது" என்று சொல்லி, டோன்யா பெட்ரோனா பாஸின் தலையைத் தேர்ந்தெடுத்து, லீவரைத் தேர்ந்தெடுத்து, கை தாராளமாக ஊற்றினாள். நுரை பொங்கி, லீவரின் இடுக்கில் குமிழி விட்டு உள்ளே போயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். காகிதத் தூளும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டது.

யோபானா சட்டை நுனியால் துடைத்தாள். லீவரின் இடுக்குக்குள் துணி போகவில்லை.

இரண்டு நாள் கழித்து லீவர் பிசுபிசுத்தது. இறங்கும்போது வழுக்கிக்கொண்டு இறங்கும், ஏறும்போது முக்கால் வழியில் உட்கார்ந்துகொள்ளும். ஈயும் இல்லாமல் டியும் இல்லாமல் நடுவில் ஒரு சுருதி, எந்தப் பாட்டுக்கும் ஆகாதது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். அமுக்கினால் மேலே தாண்டிப் போயிற்று.

"உனக்குத் தட்டத் தெரியல" என்றான் எட்சன்.

"பீர் காஞ்சு ஒட்டிக்கிச்சு."

"மெதுவா சொல்லு, கீழ காதுல விழப்போகுது. ஊத்தினதால கெட்டுப்போச்சுன்னு சொன்னா டோன்யா மனசு என்ன பாடு படும்? வாடகை யாரு குடுப்பா?"

மனசு என்ன பாடு படும் என்று யோபானாவைக் கேட்க யாருமில்லை. வீட்டில் லீவரைக் கழற்றி, பொடித் திருகாணியை ஒரு தட்டில் வைத்து, இருந்த எரிசாராயத்தை ஊற்றிக் கழுவினாள். பழுப்பாக வந்தது. கூடவே உள்ளே இருந்த கிரீஸும் வந்துவிட்டது என்பது பொருத்திய பிறகுதான் புரிந்தது. இப்போது லீவர் ஒட்டவில்லை, கிறீச்சிட்டது. தையல் மெஷின் எண்ணெய் விட்டாள். மத்தியான வெயிலில் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. ஆறு மணிக்குக் காற்று குளிர்ந்ததும் எண்ணெய் கெட்டியாகி மறுபடியும் முக்கால் வழியில் உட்கார்ந்தது. எண்ணெயைத் துடைத்தாள். கிறீச். மறுபடி விட்டாள். திருகாணி தானாகவே தளர்ந்தது. இறுக்கினாள். டி, டியாக இல்லாமல் போயிற்று. ஒரு ராஸ்கல் இரும்புத் துண்டு தன்னைப் பார்த்து இளிப்பதாக அவளுக்குத் தோன்றியது. கேபிள் கார் கதவு ஆயிரம் தடவை திறந்து ஆயிரம் தடவை மூடுகிறது, ஒருநாளாவது முக்கால் வழியில் நின்றிருக்கிறதா?

விஷயம் எப்படியோ கீழே எட்டிவிட்டது. டோன்யா பெட்ரோனா மறுபடி படியேறி வந்தாள். முகத்தில் கவலை.

"மாட்டிக்குதாமே?"

எட்சன் கிதார் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"நான் அன்னிக்கே நினைச்சேன். கஞ்சத்தனமா ஊத்திட்டோம். பாச்சமாமாவுக்குப் பத்தல." கையில் பாட்டில் இருந்தது.

யோபானா பாஸைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "டோன்யா, வேண்டாம். தரையில ஊத்துங்க. தரைக்கு எவ்வளவு வேணும்னாலும் ஊத்துங்க."

"தரையா வாசிக்குது?"

"இதுக்குக் காய்ச்சல், டோன்யா. குளிர்ச்சி ஆகாது" என்றான் வில்மெர் சட்டென்று. பெட்ரோனா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தரையில் ஊற்றினாள், மீதியை அவர்களுக்குக் கொடுத்தாள். யோபானாவுக்கு அதைக் குடிக்கவும் பிடிக்கவில்லை, வைக்கவும் முடியவில்லை. ஒருவேளை பெட்ரோனா சொல்வதுதான் சரியோ என்று ஒரு கணம் தோன்றியது இன்னும் எரிச்சலாக இருந்தது.

திருவிழாவுக்கு முந்தின ஒத்திகைக்கு எட்சன் லிம்பெர்ட்டையும் கூட்டிவந்தான். "சும்மா பார்க்க வந்திருக்கான்." லிம்பெர்ட் கூச்சக்காரன், நெட்டையன். அஞ்சு கம்பி பாஸை உறையோடு மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். சும்மா பார்க்க வந்தவன் பாஸை எதற்குத் தூக்கிவருகிறான்? யோபானா கேட்கவில்லை. அன்று லீவர் நான்கு தடவைக்கு மூன்று தடவை வேலை செய்தது. நான்காவது தடவையில் எட்சன் வாசிப்பை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பேட்டையின் கூரைபோட்ட பந்து மைதானத்தில். பக்கத்தில் சோரிசோ தொத்திறைச்சி வறுபடும் வாசனை. கறுப்புச் சட்டைப் பையன்கள் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நடுவில், யாரிடமோ பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டு, நல்ல பாவாடையும் விளிம்புத் தொப்பியும் சால்வையுமாக டோன்யா பெட்ரோனா உட்கார்ந்திருந்தாள். இரண்டு காதிலும் பஞ்சு. தன் ஞானக்குழந்தையைப் பார்க்க வந்திருக்கிறாள். மேடையோரத்தில் லிம்பெர்ட், மடியில் உறை.

வெயில் இருந்தது. முதல் இரண்டு பாட்டும் ஈயில், சிக்கலில்லை. ஈயில் தொடங்கி டியில் முடியும் மூன்றாவது பாட்டின் நடுவில் கிதார் நிற்கும், ட்ரம்ஸ் நிற்கும், பாஸின் திறந்த கம்பி மட்டும் தனியாக அதிர்ந்துகொண்டிருக்கும். எட்சன் கிதாரை மாற்றிக்கொள்வதற்குள் அவள் லீவரைத் தட்ட வேண்டும். தட்டினாள். ஒலி அறுபடாமல், கேட்கிறவர்களின் காலடியில் தரை தாழ்வதுபோல, டிக்கு வழுக்கி இறங்கியது. துல்லியமாக. பையன்கள் கத்தினார்கள். அப்பாவின் டூபா அதிர்ந்த சுவரில் சாய்ந்து தூங்கிய அதே விலா எலும்பில் அவளுக்கு அது கேட்டது. இதற்காகத்தானே இவ்வளவும்!

பாட்டு முடிந்தது. அடுத்து, கடைசியாக, எட்சன் பாடும் இரண்டு ஈ பாட்டுகள். வில்மெர் ட்ரம்ஸை உருட்ட ஆரம்பித்தான். யோபானா லீவரை மேலே தட்டினாள்.

நகரவில்லை.

அமுக்கினாள். கட்டைவிரல் நகம் வளைந்தது. உள்ளங்கையால் குத்தினாள். முக்கால் வழி என்ன, கால் வழிகூட வரவில்லை. எட்சன் ஈ கிதாரை மாட்டியாகிவிட்டது. லிம்பெர்ட் உறையின் ஜிப்பில் கை வைத்ததை அவள் பார்த்தாள். குனிந்து கீயைத் திருக ஆரம்பித்தால் மறுபடியும் கடிகாரக் கடை. வில்மெர் குச்சியால் எண்ணினான்.

அவள் வாசித்தாள். அந்த ஒரு கம்பியில் மட்டும் எல்லாவற்றையும் இரண்டு கட்டம் மேலே தள்ளி. மற்ற மூன்று கம்பிகள் பழைய இடத்தில், தடித்த கம்பி மட்டும் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. திறந்துவிட்டுக் கை ஆற வேண்டிய இடத்தில் எல்லாம் இரண்டாம் கட்டத்தை அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பல வருடப் பழக்கம் விரலை இழுத்து இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனது. இரண்டு இடத்தில் விரல் ஏமாந்தது. எட்சன் ஈயில் நீட்டிப் பாடும்போது அவள் பாஸ் டியில் உறுமியது, மாட்டு வண்டிமேல் லாரி ஏறியது மாதிரி. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தாள். தடுப்பைப் பிடித்திருந்த பையன்கள் தலையை ஆட்டிக்கொண்டு இன்னும் பலமாகக் கத்தினார்கள். அவளுக்கு அழுகை வந்தது. துடைக்க ஒரு கை மிச்சமில்லை.

மேடைக்குப் பின்னால் எட்சன் பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"யோபி! அந்தக் கடைசிப் பாட்டுல ஒரு இடம்! நான் பாடும்போது கீழ ஒண்ணு போட்டியே, பேய் மாதிரி! சொல்லவே இல்ல பாரு. அதை அப்படியே வெச்சுக்கலாம்."

"அது தப்பு."

"என்னது?"

"தப்புடா. விரல் தவறிடுச்சு. லீவர் மேல வரல. ரெண்டு பாட்டும் டியில வெச்சுக்கிட்டுத் தள்ளித் தள்ளி வாசிச்சேன்."

எட்சன் சிரித்தான். அவள் பாஸைத் திருப்பி லீவரைக் காட்டினாள். அவன் தட்டிப் பார்த்தான். அசையவில்லை. சிரிப்பு நின்றது. லிம்பெர்ட் நெருங்கி வந்து குனிந்து பார்த்தான்.

"முழுசுமா? அந்த வேகத்துலயா?" என்றான். பிறகு எட்சனிடம் திரும்பி, "என்னால ஆகாதுப்பா. நான் பாதியில எழுந்து போயிருப்பேன்" என்றான். ஜிப்பை இழுத்து மூடினான்.

எட்சன் தாடியைச் சொறிந்தான். அவன் மூளை எதற்கு வேலை செய்யும் என்று யோபானாவுக்குத் தெரியும். அதற்குத்தான் வேலை செய்தது.

"அப்ப நல்லதாப் போச்சே! லீவரே வேண்டாம். எப்பவும் டியில வெச்சுக்கோ. ஈ பாட்டெல்லாம் இப்படியே தள்ளி வாசிச்சிரு. பிரச்சினையே இல்ல பாரு."

அவன் சந்தோஷமாகச் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. அவள் இடதுகை விரல்களை விரித்து அவன் மூக்குக்கு முன்னால் பிடித்தாள். நுனிகள் சிவந்து பள்ளம் விழுந்திருந்தன.

"ஒரு தொண்டைக்காக நான் எத்தனை வருஷம் திருகுவேன்? எத்தனை வருஷம் தள்ளுவேன்? இனிமே எல்லாப் பாட்டும் டியிலதான். எல்லாரும். நீயும்."

"எனக்குக் கீழ எட்டாது, யோபி. உனக்கே தெரியும்."

"எட்டலன்னா உங்க மாமா பையனைப் பாடச் சொல்லு. சும்மாதானே இருக்கான்."

வில்மெருக்குத் தண்ணீர் புரையேறியது. லிம்பெர்ட் அரண்டுபோய், "நான் இல்லப்பா" என்று இரண்டடி பின்னால் போனான்.

அந்த நேரம் பார்த்து டோன்யா பெட்ரோனா காதுப் பஞ்சை எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். "எப்படி இறங்கிச்சு பாத்தீங்களா! என் வயித்துல இறங்கின மாதிரி இருந்தது." எல்லோர் முகத்தையும் பார்த்தாள். "என்னாச்சு? என் லீவருக்கு என்ன?"

எட்சன் யோபானாவைப் பார்த்தான். கண்ணாலேயே கெஞ்சினான்.

"ஒண்ணுமில்ல டோன்யா" என்றாள் யோபானா. "உங்க லீவர் கீழ நல்லா நிக்குது. இனிமே எங்களுக்குக் கீழதான் வேணும். எட்சனே ஒத்துக்கிட்டான்."

எட்சன் வாயைத் திறந்தான். ஞானத்தாயின் மலர்ந்த முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். சற்று நேரம் கழித்து, சோரிசோ புகைக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, கடைசிப் பாட்டின் முதல் வரியை இரண்டு படி கீழே முனகிப் பார்த்தான். பாதியில் குரல் தட்டியது. தொண்டையைச் செருமி மறுபடி ஆரம்பித்தான்.

வில்மெர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். யோபானாவுக்குச் சிரிக்க வரவில்லை. பெட்ரோனா வாங்கிக் கொடுத்த குளிர்ந்த சோடா பாட்டிலில் எரிகிற விரல்களை வைத்துக்கொண்டு, "இன்னும் கீழ, எட்சன்" என்றாள்.